சவரக்கத்தியோடு முதல் மாதம்: கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மடக்கும் சவரக்கத்தியால் தானே முகச்சவரம் செய்துகொள்ளப் பழக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள்தான் என் மனதில். இந்த விஷயத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆட்கள் எழுதியவை. அவர்களுக்கு உப்புக்காற்று தெரியாது, போர் தண்ணீர் தெரியாது, முகத்தில் போட்ட நுரையை மின்விசிறி இரண்டே நிமிஷத்தில் காயவைத்துவிடும் என்பதும் தெரியாது.

எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்பார்கள். காசு மிச்சமாகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், பிரஷ் எல்லாம் வாங்கிய பிறகு முதல் வருஷம் செலவுதான் அதிகம். நேரமும் மிச்சமாகாது. உருப்படியான காரணம் ஒன்று உண்டு: சுருள் முடி தாடிக்காரர்களுக்குப் பல அலகு ரேசர் முடியைத் தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். அந்த முடி வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கி, கழுத்தில் சிவப்புக் கொப்புளமாகக் கிளம்பும். ஒற்றை அலகில் அந்தத் தொந்தரவு குறையும். மற்றபடி, பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

சிலருக்கு இது வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் சீழ்ப்பரு இருப்பவர்கள், சின்னக் காயம்கூடத் தழும்பாகத் தடித்துவிடும் உடல்வாகு உள்ளவர்கள், இவர்கள் எல்லாம் சலூனுக்கோ டிரிம்மருக்கோ போவதே நல்லது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்கலாம்.

எந்தக் கத்தி

இன்று சலூனில் நாம் பார்ப்பது பிளேடு மாட்டும் கத்தி. இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடை உறையோடு சேர்த்து நடுவில் ஒடித்து, பாதியை அதில் செருகுவார்கள். ஒரு காலத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் தோல்வார் ஒன்று தொங்கும். கத்தியை அதில் நாலு தீட்டு தீட்டிவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார்கள். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. அதன் பிறகு விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராகப் பரவ, ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாகிவிட்டது. பலருக்குப் போடும் இடத்தில் அதுதான் சரி. உங்கள் முகத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும் கத்திக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் அண்ணன் தம்பி, அப்பா மகன் என்றாலும் ஒரே கத்தியைப் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுபவை.

பழகுவதற்கு இரண்டில் எது? பிளேடு கத்தி சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தீட்ட வேண்டியதில்லை, பிளேடு மொக்கையானால் அடுத்ததைப் போடலாம். ஆனால் அதற்கு எடை இல்லை, கூர் அதிகம், பிளேடின் மூலைகள் குத்தும். கோணம் சற்றே தவறினாலும் ரத்தம் பார்த்துவிடும். முழு எஃகுக் கத்தி கனமாக இருப்பதால் கையில் நிதானமாக நிற்கும். சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு விலை, தினமும் தீட்டுகிற வேலையும் துருவுக்குக் காவல் இருப்பதும். ஆர்வம் நிலைக்குமா என்று சந்தேகமாக இருந்தால் பிளேடு கத்தியில் ஆரம்பியுங்கள், ஆறு வாரம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் முழுக் கத்தி வாங்குங்கள். தோலை இழுத்துப் பிடிக்கிற வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான், அதைக் கற்பதற்குத்தான் நாள் பிடிக்கும்.

முழுக் கத்தி வாங்குகிறவர்கள் நாலு விஷயம் பாருங்கள். முதுகிலிருந்து கூர் வரையான அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம் இருந்தால் பழகுவதற்கு வசதி. அதைவிட அகலமானது மூக்குக்குக் கீழே இடிக்கும். முனை வட்டமாக இருக்கட்டும். சதுர முனை அழகுதான், ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் காது மடலை அது முதல் நாளே தேடிப் போகும். அலகின் இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்திருக்க வேண்டும். கடைசியாக, இந்த ஊர்களுக்கென்றே ஒன்று சொல்கிறேன்: முதல் கத்தி துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கார்பன் எஃகுதான் உசத்தி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருந்துகொண்டு அந்த வாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை.

விலை பற்றி. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் இரண்டும் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். அங்கிருந்து புதிதாக வரவழைத்தால் பத்தாயிரம் ரூபாயைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். ஐந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் பளபளவென்று கிடைப்பது பார்க்க சவரக்கத்தி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கடிதம் பிரிக்க ஆகும். யாரிடம் வாங்கினாலும் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: அப்படியே முகத்தில் வைக்கிற அளவுக்குக் கல்லில் கூர் போட்டுத் தருகிறீர்களா? ஆலைக் கூரோடு வரும் நல்ல கத்திகூடச் சில சமயம் சவரத்துக்குப் பத்தாது. கூர் போதாத கத்தியோடு பழக ஆரம்பித்தவர்கள்தான் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள், தப்பு தங்கள் கையில் என்று நினைத்துக்கொண்டு.

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையிலோ வீட்டுப் பரணிலோ பழைய கத்தி கிடைத்தால் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மேலே படிந்த துரு பரவாயில்லை, தேய்த்து எடுத்துவிடலாம். கூர் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் வேண்டாம். நகத்தால் ஓரத்தை மெல்லத் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய செல்லுலாய்டு கைப்பிடிகள் நாளாக ஆக மட்கி ஒரு வாயுவை விடும், அது அலகையே அரித்துவிடும். கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு அதிகமாக இருந்தால் இதுதான் காரணம்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் தேவை. சவரக்கத்தியின் ஓரம் காகிதத்தைவிட மெல்லியது. சுழலும் சக்கரத்தில் அது ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த எஃகில் கடினம் போய்விடும், அப்புறம் எந்தக் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது.

தோல்வாரும் தீட்டுவதும்

தோல்வார் இரண்டு முதல் மூன்று அங்குல அகலத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் இருக்கும். ஒரு பக்கம் முரட்டுத் துணி, மறுபக்கம் வழவழப்பான தோல். முதல் வார் விலை குறைந்ததாகவே இருக்கட்டும், அதை நீங்கள் நிச்சயம் வெட்டப் போகிறீர்கள். புதுச்சேரியில் தோல் வேலை செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று அங்குல அகலத்தில் ஒரே பருமனாக, தழும்பு இல்லாத மாட்டுத்தோல் பட்டை கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு முனையில் வளையம் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம்.

தீட்டும் முறை இதுதான். வாரை இறுக்கிப் பிடியுங்கள், தொய்ந்தால் கூர் மழுங்கும். கத்தியைப் படுக்கை வசத்தில் வையுங்கள். முதுகும் கூரும் இரண்டும் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னே இழுபட்டு வர வேண்டும். கோடியை அடைந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்டுங்கள். முதுகு தோலை விட்டு எழவே கூடாது. திருப்பி இழுங்கள். கூர்ப் பக்கமாகப் புரட்டினால் வார் வெட்டுப்படும், கூரும் உருண்டுவிடும். போக ஒன்று, வர ஒன்று சேர்த்து ஒரு சுற்று. துணியில் 20 சுற்று, தோலில் 50 சுற்று போதும். அழுத்தம் என்பதே வேண்டாம், கத்தியின் எடை மட்டும் போதும். வேகம் தானாக வரும். சினிமாவில் சடசடவென்று தீட்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்ய நினைப்பது இளைஞர்களுக்கு இயல்பு, வாருக்கு அது நல்லதில்லை. முதல் சில நாள் கூரில்லாத வெண்ணெய்க் கத்தியில் கை பழக்கிக்கொண்டு அப்புறம் நிஜக் கத்திக்கு வாருங்கள்.

தோலுக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறும். சுத்தமான உள்ளங்கையால் தினமும் பத்துத் தடவை தேய்த்தாலே தோலுக்கு வேண்டிய ஈரப்பசை கிடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும்.

கூர் இருக்கிறதா என்று கட்டை விரலில் இழுத்துப் பார்க்காதீர்கள். முன்கை ரோமத்தின் நுனியில், தோலைத் தொடாமல் கத்தியை நகர்த்துங்கள். ரோமம் சத்தமில்லாமல் துண்டாகி விழுந்தால் தயார்.

தண்ணீரும் நுரையும்

இந்தக் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினம், சில தெருக்களில் உப்பே கரிக்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரியும். சோப்பு மட்டம் என்று நினைத்து மூன்று கம்பெனி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நுரைக்கு வேண்டியது அரை டம்ளர் தண்ணீர்தான். குடிக்கிற கேனிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் விசேஷம். முகம் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும்.

டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வரும் நுரை இதற்கு ஆகாது. அதில் காற்றுதான் அதிகம், வழுக்கல் குறைவு. டியூப் கிரீமோ சவர சோப்போ வாங்கி, பிரஷ் போட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் செயற்கை நாராக இருக்கட்டும். பன்றி முடியும் பேட்ஜர் என்ற விலங்கின் முடியும் நம் ஊர் ஈரத்தில் காய நேரமாகும், நாளடைவில் நாறும். நுரை தயிர்ப் பதத்தில் பளபளவென்று இருக்க வேண்டும், குமிழி தெரிந்தால் இன்னும் குழைக்க வேண்டும்.

குளித்து முடித்த உடனே சவரம் செய்வது நல்லது, முடி ஊறி இளகியிருக்கும். வெந்நீர்த் துண்டெல்லாம் சித்திரை வைகாசியில் அவசியமில்லை. வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் முகத்தை நனைத்தாலே போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கத்தான் செய்யும். வியர்வை நுரையில் கலந்தால் ஒன்றும் ஆகாது, நுரை காய்ந்தால்தான் வம்பு. ஒரே நேரத்தில் முகம் முழுக்க நுரை போடாமல், சவரம் செய்யப் போகிற பக்கத்துக்கு மட்டும் போடுங்கள்.

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

தாடியை இரண்டு நாள் வளரவிட்டு, உள்ளங்கையால் முகமெங்கும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் அப்படி இருக்காது. சிலருக்குப் பக்கவாட்டில் போகும், சிலருக்குக் கீழிருந்து மேலே வளரும், தொண்டைக்குழி ஓரத்தில் சுழியே இருக்கும். காகிதத்தில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்தால் நல்லது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிறகு இடம். கண்ணாடி உங்கள் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில் கத்தியை வீசாதீர்கள், பித்தளையில் ஒரு தடவை இடித்தால் கூரில் பல் விழுந்துவிடும். நுரையைக் குழாயடியில் கழுவுவதைவிட ஈரத்துணியில் கூரின் பின்பக்கமாக வழித்துத் துடைப்பது பத்திரம். கதவுக்குத் தாழ் போடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொண்டு விழவிடுங்கள்.

கத்தியைப் பிடிக்கும் விதம்: கைப்பிடியை நன்றாகப் பின்னால் விரித்துவிடுங்கள். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள தண்டில் மேல்பக்கம் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். கீழே கட்டை விரல். வால் மாதிரி நீண்டிருக்கும் நுனியில் சுண்டுவிரல். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முதுகை முகத்தோடு ஒட்டிக் கத்தியைப் படுக்கவைத்து, அங்கிருந்து முதுகின் பருமனைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு தூக்கினால் 30 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அதைவிட நிமிர்த்தினால் வெட்டும், படுக்கவைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். புதிதாகப் பழகுகிறவர்களின் கவனமெல்லாம் கத்தி பிடிக்கிற கையில் இருக்கும். வேலை நடப்பது மற்றக் கையில். மஞ்சக்குப்பத்தில் எனக்கு வழக்கமாக முடி வெட்டுகிற அண்ணனிடம் கேட்டபோது அவர் இடது கையைக் காட்டி, “கத்தி சும்மா போகும் தம்பி, இந்தக் கைதான் வேல பாக்குது” என்றார். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் போய், மொட்டை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கத்தி போகும் இடத்துக்கு முன்னாலேயே மற்றக் கை போய்த் தோலை நீவி இறுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கை தளர்ந்தால் கத்தியும் நிற்கும். அழுகிற குழந்தையின் தலையில்கூடக் கீறல் விழாமல் அவர்கள் சவரம் செய்வது இதனால்தான்.

தளர்ந்த தோலில் கத்தி போனால் முன்னே ஒரு மடிப்பு எழும்பும், கத்தி அதில் ஏறும், அங்கேதான் வெட்டு விழும். இறுக்கிய தோல் சமதளம், அதில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. நுரை பட்டால் விரல் வழுக்கும். அதற்குப் படிகாரம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கி, நனைத்து விரல் நுனியில் தேய்த்துக்கொண்டால் பிடி நழுவாது. பலூனில் நுரை தடவிப் பழகச் சொல்லும் யோசனை ஒன்று உலவுகிறது. கோணம் புரிவதற்கு உதவும், ஆனால் பலூன் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. அதில் தேறியவர்கள் கன்னத்தில் தோற்பார்கள். அதற்குப் பதில் காலாவதியான ஏ.டி.எம். கார்டை எடுத்து, முகத்தில் நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, அதே கோணத்தில் வழித்துப் பாருங்கள். இரண்டு கையும் சேர்ந்து பழகும்.

முதல் மாதம்

முதல் வாரம் கன்னங்கள் மட்டும். மீதியை உங்கள் பழைய ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். கிருதாவுக்குக் கீழே ஆரம்பிக்கலாம். வலது கன்னத்துக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுக்கு முன்னால் தோலை மேல்நோக்கி இழுங்கள். கத்தியை முடி வளரும் திசையிலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் நகர்த்துங்கள். நிறுத்துங்கள், துடையுங்கள், தோலை மறுபடி பிடியுங்கள், அடுத்த இழுப்பு. காய் நறுக்குவது போல் கூரின் நீளவாட்டில் கத்தி நகரவே கூடாது. நிற்கிற கத்தியை அந்தத் திசையில் லேசாக அசைத்தாலே வெட்டு ஆழமாக விழும்.

இடது கன்னத்துக்கு இடது கையால் கத்தி பிடிக்கப் பழகுவதையே நான் சிபாரிசு செய்வேன். வலது கையைக் குறுக்கே கொண்டுபோனால் முழங்கை கண்ணாடியை மறைக்கும், கோணமும் புரியாது. தட்டையான கன்னத்தில் இடது கை நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகும். எழுதுகிற அளவுக்கு நுணுக்கம் இதற்குத் தேவையில்லை.

கத்தி நகரும்போது மெல்லிய சரசரப்பு கேட்க வேண்டும். முடியைப் பிய்ப்பது போல் இருந்தால் அழுத்திப் பார்க்கத் தோன்றும், அழுத்தாதீர்கள். கோணத்தைச் சரிபாருங்கள், இன்னொரு முறை தீட்டுங்கள், அப்படியும் இழுத்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ரேசரை எடுங்கள். ஒரு தடவை வழித்த இடத்தில் நுரை இல்லாமல் மறுபடி கத்தி வைக்கக் கூடாது.

இரண்டாவது வாரம் தாடைக்குக் கீழும் கழுத்தும். அண்ணாந்து, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். உங்கள் வரைபடத்தின் அம்புக்குறியைப் பார்த்துத்தான் போக வேண்டும், கழுத்தில் எதிர்த்திசையில் போனால் மறுநாள் சட்டைக் காலர் பட்டாலே எரியும். தொண்டை முடிச்சின் மேல் நேராகப் போகாதீர்கள். அந்தத் தோலைப் பக்கவாட்டில் இழுத்து, முடிச்சை விட்டு விலகிய இடத்தில் வைத்து வழியுங்கள்.

மேலுதடும் முகவாயும் கடைசி. மேலுதட்டுக்கு மூக்கு நுனியை மேலே தூக்கி, உதட்டைப் பல்லோடு ஒட்டி இறக்கினால் தோல் இறுகும். ஒரு சென்டிமீட்டர் இழுப்பு போதும். மீசை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி இல்லை. முகவாய்தான் உள்ளதிலேயே கஷ்டம். முடி தடிப்பு, தோல் வளைவு, எலும்பு மேடு எல்லாம் ஓரிடத்தில். கீழுதட்டை உள்ளே மடித்து, முகவாயைப் பக்கத்துக்கு நகர்த்தி, துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் அது பிடிபடவில்லை என்றால் அவசரமில்லை. முகவாய்க்கு மட்டும் ரேசர் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சந்தோஷமாக இருப்பவர்கள் உண்டு.

முடி வளரும் திசையில் ஒரு சுற்று முடித்தால் அலுவலகம் போகிற அளவுக்குச் சுத்தம் வந்துவிடும். இன்னும் வேண்டும் என்றால் மறுபடி நுரை போட்டு, குறுக்குவாக்கில் ஒரு சுற்று. எதிர்த்திசையில் வழிப்பதை மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள். ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் திங்கட்கிழமை காலையில் பழக வேண்டாம். மறுநாள் கல்யாணம், நேர்காணல் என்று எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்டால்

படும். பெரும்பாலும் நூல்போல் கீறல்தான். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரத்தை ஒரு நிமிஷம் வைத்து அழுத்தினால் நின்றுவிடும். எரியும். எந்த இடமெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் கத்தியை அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்த தடவைக்குப் பாடம். வெட்டு கொஞ்சம் ஆழம் என்றால் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்புறமும் ரத்தம் நிற்கவில்லை, அல்லது வெட்டு வாய் பிளந்து நிற்கிறது என்றால் தையல் தேவைப்படலாம். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அது தேவை.

சவரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஒற்றியெடுத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போட்டால் போதும். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவ் தோலை வறட்டும். அன்றைக்கே சில்வர் பீச்சில் இறங்கிக் கடலில் குளிக்க வேண்டாம். ஏன் என்பது முதல் அலையிலேயே தெரிந்துவிடும்.

கத்தியைக் காப்பது

எங்கள் பக்கம் கத்தியைக் கொல்வது உபயோகம் இல்லை, உபயோகம் முடிந்த பிறகு வருகிற அலட்சியம்தான். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், கூர் அவ்வளவு மெலிந்திருக்கும்போது உப்பும் ஈரமும் சேர்ந்தால் அதிலும் புள்ளி விழும்.

சவரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய காகிதத்தால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். தண்டு திருகாணியைச் சந்திக்கும் இடுக்கில் தண்ணீர் தங்கும், காகிதத்தை மடித்துச் செருகி எடுங்கள். தோல்வாரின் துணிப் பக்கத்தில் ஐந்தாறு இழுப்பு இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போகும். பிறகு கத்தியை விரித்தபடியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், அரை மணி நேரம் காற்றாட வையுங்கள். அடுத்த நாளும் எடுக்கப் போவதில்லை என்றால் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவிவையுங்கள். அது கனிம எண்ணெய், கெடாது, பிசுபிசுக்காது. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் காரலெடுத்துப் பிசின் பிடிக்கும். அடுத்த முறை தீட்டுவதற்கு முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், வாரில் படக் கூடாது.

வைக்கும் இடம் குளியலறையாக இருக்கவே வேண்டாம். படுக்கையறை பீரோவில், மூடிய டப்பாவில், செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். தோல் உறையில் வைத்து நாள்கணக்கில் மறந்துவிடுகிற தப்பைச் செய்யாதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டிவைத்திருக்கும். புயல் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்த பிறகு பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி சமயத்தில் டிரிம்மர் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், கத்தி கிடக்காது. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கழுத்துச் சவரம் செய்யும் வீரமெல்லாம் வேண்டாம்.

ஒழுங்காகத் தீட்டி வந்தால் நல்ல கத்தியின் கூர் சில மாதங்கள் தாங்கும். தீட்டிய பிறகும் முடியை இழுக்க ஆரம்பித்தால், முதலில் உங்கள் தீட்டலைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கூரை. நிஜமாகவே கூர் போயிருந்தால் கல்லில் தேய்க்க வேண்டும். கல்லின் எண் ஏற ஏற அது நைசாகும்: 1000 எண் கல் கூரின் அடித்தளத்தை அமைக்க, 4000, 8000 அதைச் செம்மைப்படுத்த, 12000 மெருகேற்ற. இந்தக் கற்களின் விலை கத்தி விலையைத் தாண்டிவிடும், பழகவும் நாளாகும். முதல் வருஷம் கல் பக்கமே போகாதீர்கள். கூர் கொஞ்சம் சோர்ந்தால், பழைய தோல் துண்டு ஒன்றில் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையை லேசாகத் தடவிப் பத்து சுற்று தீட்டினால் சில வாரங்களுக்கு உயிர் வரும். தினசரி வாரில் அந்தப் பசையைப் போட்டுவிடாதீர்கள், இது தனித்துண்டாக இருக்கட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் சவரக்கத்திக்கென்றே கூர் போட்டுத் தருகிறவர்களுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம். கத்தியை மடக்கி, ரப்பர் பேண்டு போட்டு, கெட்டி அட்டைக்குள் வைத்து ஒட்டுங்கள், பார்சல் பிரிக்கிறவர் கையை வெட்டிக்கொள்ளாதபடி. விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.